ஆண்ட்ராய்டு செயலியில் இருப்பிடம்: எந்த மூலத்திலிருந்து எடுப்பது?

பயனர் எங்கே இருக்கிறார் என்று தெரிந்துகொள்ள வேண்டிய செயலியை முதன்முறையாக எழுத உட்காரும் பலரும் ஒரே வழியில்தான் போகிறார்கள். இணையத்தில் ஒரு மாதிரி நிரலைத் தேடி எடுக்கிறார்கள். அதில் துல்லியம் உச்சத்தில் இருக்கும், இடைவெளி 5 நொடி என்றிருக்கும். தங்கள் போனில் ஓட்டிப் பார்த்தால் நீலப் புள்ளி சரியான இடத்தில் வந்து நிற்கிறது. வேலை முடிந்தது என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். செயலி வெளியான பிறகு புகார்கள் வருகின்றன: பேட்டரி காலியாகிறது, வீட்டுக்குள் இருந்தால் திரை சுற்றிக்கொண்டே இருக்கிறது, பக்கத்துத் தெருவில் இருப்பவரை இரண்டு கிலோமீட்டர் தள்ளிக் காட்டுகிறது.

எந்த மூலம் சிறந்தது என்ற கேள்விக்குப் பதில் கிடையாது. உங்கள் வேலைக்கு எத்தனை மீட்டர் பிழை தாங்கும், எவ்வளவு பழைய தகவல் போதும் என்ற இரண்டும் தெரிந்துவிட்டால் மூலம் தானாக முடிவாகிவிடும். அதனால் நிரலில் கை வைப்பதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: தேவையை மீட்டரிலும் நிமிடத்திலும் எழுதுங்கள்

மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதினால் போதும். பிழை எத்தனை மீட்டர் வரை இருக்கலாம்? தகவல் எத்தனை நிமிடம் பழையதாக இருக்கலாம்? பயனர் செயலியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும் வேண்டுமா, திரை அணைந்திருக்கும்போதும் வேண்டுமா?

வானிலைச் செயலியை எடுத்துக்கொள்வோம். முன்னறிவிப்புகள் பல கிலோமீட்டர் அகலமுள்ள கட்டங்களாகக் கணக்கிடப்படுகின்றன. பயனர் தெருவின் இந்த முனையில் இருந்தாலும் அந்த முனையில் இருந்தாலும் மழை வாய்ப்பு ஒன்றுதான். பிழை 5 கிலோமீட்டர் இருக்கலாம், தகவல் அரை மணி நேரம் பழையதாக இருக்கலாம், திரை அணைந்தால் தேவையே இல்லை. இந்தச் செயலி செயற்கைக்கோளைத் தேடச் சொல்வதில் எந்த நியாயமும் இல்லை.

அருகிலுள்ள மருந்துக்கடைகளைப் பட்டியலிடும் செயலிக்கு 100, 200 மீட்டர் பிழை பரவாயில்லை. வரிசை சற்று முன்பின்னாக மாறும், அவ்வளவுதான். ஆட்டோ ஓட்டுநர் பயணியைத் தேடி வரும் செயலிக்கு அது போதாது. சாலையின் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதே அங்கு முக்கியம். தகவலும் சில நொடிக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. ஓட்டப் பயிற்சியைப் பதிவுசெய்யும் செயலிக்குத் துல்லியமும் வேண்டும், திரை அணைந்தும் ஓட வேண்டும். இருப்பவற்றிலேயே கடினமான வகை இதுதான்.

ஒரே செயலிக்குள் இரண்டு மூன்று தேவைகள் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுதுங்கள். கடுமையான தேவை எதுவோ அதையே எல்லாவற்றுக்கும் வைத்துவிடுவதுதான் பேட்டரிப் புகார்களுக்குப் பெரும்பாலும் காரணம்.

இரண்டாம் படி: போனுக்கு இருப்பிடம் எங்கிருந்து கிடைக்கிறது?

நான்கு வழிகள் உண்டு. ஒவ்வொன்றின் குணமும் தெரிந்தால்தான் பின்னால் வரும் அமைப்புகள் புரியும்.

முதலாவது செயற்கைக்கோள். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் நேரத்தையும் தன் பாதையையும் சொல்லிக்கொண்டே இருக்கிறது. சிக்னல் வந்துசேர எடுத்த நேரத்தை வைத்துப் போன் தூரத்தைக் கணக்கிடுகிறது. ஒளி ஒரு மைக்ரோ நொடியில் 300 மீட்டர் போய்விடும். போனில் இருக்கும் கடிகாரம் அந்த அளவுக்கு நம்பகமானது இல்லை என்பதால், இடத்தைக் கண்டுபிடிக்க மூன்று செயற்கைக்கோளும் கடிகாரப் பிழையைக் கண்டுபிடிக்க ஒன்றுமாகக் குறைந்தது நான்கு தேவை. திறந்த வெளியில் ஒரு சாதாரண ஸ்மார்ட்போன் 5 மீட்டருக்குள் துல்லியம் தரும்.

தாமதம் ஏன் வருகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். செயற்கைக்கோள் தன் பாதைத் தகவலை நொடிக்கு 50 பிட் வேகத்தில்தான் அனுப்புகிறது. ஒரு செயற்கைக்கோளின் துல்லியமான பாதைத் தகவல் 30 நொடிக்கு ஒருமுறைதான் திரும்ப வரும். எல்லாச் செயற்கைக்கோள்களின் தோராயப் பட்டியலும் முழுதாக வந்துசேர 12.5 நிமிடம் ஆகும். போன்கள் இதையெல்லாம் இணையம் வழியாக முன்கூட்டியே இறக்கிக்கொள்வதால்தான் சில நொடியில் இடம் கிடைக்கிறது. டேட்டா இல்லாத இடத்தில், நீண்ட நேரம் அணைந்திருந்த போனில் இந்த உதவி இருக்காது. அப்போது முதல் புள்ளி கிடைக்க அரை நிமிடத்துக்கு மேல் ஆனால் அதில் கோளாறு எதுவும் இல்லை. கான்கிரீட் கூரைக்கு அடியில் சிக்னல் வராமலே போகலாம். உயரமான கட்டடங்களுக்கு நடுவே சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி, புள்ளி எதிர்ச்சாரிக்குத் தாவும்.

நம் நாட்டின் வழிகாட்டிச் செயற்கைக்கோள் அமைப்பான நாவிக்கைத் தனியாகத் தேர்ந்தெடுக்க முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். நாவிக்கின் முதல் செயற்கைக்கோளை இஸ்ரோ 2013 ஜூலையில் ஏவியது. 2023 மே மாதம் ஏவிய என்விஎஸ்-01, மற்ற நாடுகளின் அமைப்புகளும் பயன்படுத்தும் எல்1 அலைவரிசையையும் சேர்த்துக்கொண்டது. ஆண்ட்ராய்டில் நாவிக்குக்கென்று தனி மூலம் கிடையாது. ஜிபிஎஸ் ப்ரொவைடர் என்ற பெயரில் இருப்பது அந்தப் போனின் சிப் பிடிக்கும் ஜிபிஎஸ், குளோனாஸ், கலிலியோ, பெய்டோ, நாவிக் எல்லாவற்றின் கலவைதான். எந்தெந்தச் செயற்கைக்கோள் தெரிகிறது என்று உங்கள் நிரல் பார்க்கலாம். இதை மட்டும் பயன்படுத்து என்று சொல்ல முடியாது, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

இரண்டாவது வைஃபை. போன் எந்த ரௌட்டரோடும் இணைய வேண்டியதில்லை. சுற்றிலும் இருக்கும் ரௌட்டர்களின் அடையாள எண்களையும் சிக்னல் வலிமையையும் பார்த்து, அவை எங்கெங்கே இருக்கின்றன என்ற பெரிய தரவுத்தளத்தோடு ஒப்பிட்டு இடம் கணிக்கப்படுகிறது. வீடுகள் நெருக்கமாக உள்ள பகுதியில் 20, 30 மீட்டர் வரை துல்லியம் கிடைக்கும். வீட்டுக்குள்ளும் வேலை செய்யும். மின்சாரமும் குறைவாகவே எடுக்கும். ஒருவர் வீடு மாறும்போது ரௌட்டரையும் எடுத்துச் சென்றால், தரவுத்தளம் திருந்தும் வரை அது பழைய முகவரியைக் காட்டலாம். திடீரென்று புள்ளி வேறு ஊருக்குப் போய்த் திரும்புகிறது என்று புகார் வந்தால் இதையும் சந்தேகியுங்கள்.

மூன்றாவது செல் டவர். நகரத்தில் சில நூறு மீட்டர் பிழை இருக்கும். டவர்கள் தள்ளித்தள்ளி இருக்கும் கிராமப்புறத்தில் அது பல கிலோமீட்டராகும். செலவு மிகக் குறைவு, ஏனென்றால் போன் எப்படியும் டவரோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறது.

நான்காவது இணைய முகவரி, அதாவது ஐபி. இதற்கு அனுமதி கேட்க வேண்டியதில்லை என்பதால் ஆசையாக இருக்கும். மொபைல் டேட்டாவில் இருப்பவரின் ஐபி, அவருடைய நிறுவனத்தின் இணைய வாயில் இருக்கும் ஊரைக் காட்டிவிடும். மொழியையோ நாட்டையோ யூகிக்க இதைப் பயன்படுத்தலாம், அதற்கு மேல் வேண்டாம்.

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். மேக்ஸ்மைண்ட் என்ற நிறுவனம் ஐபி முகவரிகளுக்கு இடம் சொல்லும் தரவுத்தளத்தை விற்கிறது. ஒரு முகவரி அமெரிக்காவில் இருக்கிறது என்பதற்கு மேல் எதுவும் தெரியாதபோது, நாட்டின் நடுப்பகுதியாக 38 பாகை வடக்கு, 97 பாகை மேற்கு என்ற முழு எண்களை அது கொடுத்துவந்தது. அந்தப் புள்ளி ஒரு பண்ணை வீட்டின் முன்வாசலில் விழுந்தது. 60 கோடிக்கும் அதிகமான ஐபி முகவரிகள் அந்தப் புள்ளியைச் சுட்டின. மோசடிக்காரர்களைத் தேடியும் திருடுபோன பொருளைத் தேடியும் காவல்துறையினரும் கோபக்காரர்களும் ஆண்டுக்கணக்கில் அந்த வீட்டுக் கதவைத் தட்டினார்கள். 2016ல் செய்தியாளர்கள் காரணத்தைக் கண்டுபிடித்த பிறகு நிறுவனம் அந்தப் புள்ளியை ஓர் ஏரியின் நடுவே நகர்த்தியது. எத்தனை தூரப் பிழை என்ற தகவலைக் கழற்றிவிட்டுப் புள்ளியை மட்டும் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சம்பவம் எனக்குத் தெரியவில்லை. ஏழாம் படியில் இந்தப் பிழை வட்டத்தைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறோம்.

மூன்றாம் படி: எந்த நூலகம்?

ஆண்ட்ராய்டில் இரண்டு வாசல்கள் உள்ளன. ஆண்ட்ராய்டிலேயே ஆரம்பத்திலிருந்து இருக்கும் லொக்கேஷன் மேனேஜர் ஒன்று. இதில் ஜிபிஎஸ், நெட்வொர்க், பேசிவ் என்று மூலங்கள் தனித்தனியாக இருக்கும். எதைக் கேட்பது, எது தவறினால் எதற்கு மாறுவது என்பதெல்லாம் உங்கள் பொறுப்பு. மற்றொன்று கூகுள் ப்ளே சர்வீசஸில், அதாவது போனில் கூகுள் தரும் சேவைத் தொகுப்பில், 2013ல் வந்த ஃபியூஸ்டு லொக்கேஷன் ப்ரொவைடர். இதனிடம் மூலத்தைச் சொல்ல மாட்டீர்கள், தேவையைச் சொல்வீர்கள். செயற்கைக்கோள், வைஃபை, டவர், போனின் அசைவு உணரிகள் எல்லாவற்றையும் கலந்து அதுவே முடிவெடுக்கும். வேறொரு செயலி சற்று முன்பு கேட்டு வாங்கிய இடத்தையும் பகிர்ந்துகொள்ளும்.

புதிதாகத் தொடங்குபவருக்கு என் பரிந்துரை ஃபியூஸ்டுதான். ஜிபிஎஸ் கிடைக்கவில்லை என்றால் நெட்வொர்க்குக்கு மாறு, திரும்பக் கிடைத்தால் மாறி வா என்று நீங்கள் எழுதும் தர்க்கம் முதல் வாரம் நன்றாக ஓடும். விளிம்பு நிலைகள் வரவர அதைப் பராமரிப்பதே வேலையாகிவிடும்.

லொக்கேஷன் மேனேஜரைத் தேட வேண்டிய இடங்களும் உண்டு. கூகுள் சேவைகள் இல்லாத போன்களில் ஃபியூஸ்டு இயங்காது. 2019க்குப் பிறகு வந்த ஹுவாவே மாடல்கள் அப்படித்தான். அங்கே அந்த நிறுவனத்தின் சொந்த நூலகம் இருக்கிறது. எஃப்-ட்ராய்டு என்ற செயலிக் களஞ்சியம் வழியாகக் கட்டற்ற மென்பொருளாக வெளியிடுவதானாலும் ப்ளே சர்வீசஸை நம்ப முடியாது. ஆண்ட்ராய்டு 12 முதல் லொக்கேஷன் மேனேஜருக்குள்ளேயே ஃபியூஸ்டு என்ற பெயரில் ஒரு மூலம் சேர்க்கப்பட்டிருக்கிறது. கூகுள் இல்லாத போன்களில் நெட்வொர்க் மூலம் காலியாக இருக்கலாம் என்பதையும் மனத்தில் வையுங்கள். திறந்த மாற்றாகப் பலர் நம்பியிருந்த மொசில்லாவின் இருப்பிடச் சேவை 2024ல் மூடப்பட்டுவிட்டது.

எதைத் தேர்ந்தாலும், செயலியின் மற்ற பகுதிகளிலிருந்து அதை மறைத்து வையுங்கள். "இப்போதைய இடத்தைக் கொடு", "தொடர்ந்து கொடு", "நிறுத்து" என்று மூன்றே செயல்கள் கொண்ட ஓர் இன்டர்ஃபேஸை எழுதி, அதற்குப் பின்னால் நூலகத்தை வைத்தால் போதும். நாளை மாற்ற வேண்டி வந்தால் ஒரே கோப்பில் முடியும். சோதனைக்குப் பொய்யான இடங்களைக் கொடுப்பதும் எளிது.

நான்காம் படி: முன்னுரிமையைத் தேர்ந்தெடுங்கள்

ஃபியூஸ்டிடம் நான்கு முன்னுரிமைகள் இருக்கின்றன. முதல் படியில் எழுதிய தாளை இப்போது எடுங்கள்.

"ஹை அக்யூரசி" என்றால் செயற்கைக்கோள் உட்பட எல்லாவற்றையும் பயன்படுத்தச் சொல்கிறீர்கள். வழிகாட்டுதல், ஓட்டப் பதிவு, ஆட்டோ அழைப்பு இவற்றுக்கு மட்டும். "பேலன்ஸ்டு பவர் அக்யூரசி" ஏறத்தாழ 100 மீட்டர், அதாவது ஒரு தெருத்தொகுதி அளவு. பெரும்பாலும் வைஃபையையும் டவரையும் வைத்தே முடித்துக்கொள்ளும். மருந்துக்கடைப் பட்டியலுக்கு இது தாராளம். "லோ பவர்" ஏறத்தாழ 10 கிலோமீட்டர், ஊர் அளவு. வானிலைக்கு இது போதும். "பேசிவ்" என்றால் நீங்கள் எதையும் கேட்பதில்லை. வேறு யாராவது கேட்டு வாங்கினால் உங்களுக்கும் ஒரு பிரதி வரும்.

குழப்பமாக இருந்தால் பேலன்ஸ்டில் தொடங்குங்கள். அது போதவில்லை என்று உண்மையான பயன்பாட்டில் தெரிந்த பிறகு மேலே போகலாம். மேலேயிருந்து தொடங்கியவர்கள் கீழே இறங்கி நான் பார்த்ததில்லை.

ஐந்தாம் படி: அனுமதி

இரண்டு அனுமதிகள்: தோராய இருப்பிடத்துக்கு "கோர்ஸ்", துல்லிய இருப்பிடத்துக்கு "ஃபைன்". தோராயம் என்றால் ஏறத்தாழ 3 சதுர கிலோமீட்டருக்குள் எங்கோ ஓரிடம். முன்னுரிமையும் அனுமதியும் வேறுவேறு என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். தோராய அனுமதியை மட்டும் வைத்துக்கொண்டு ஹை அக்யூரசி கேட்டால் தோராயம்தான் கிடைக்கும். இடைவெளியும் சத்தமில்லாமல் நீட்டிக்கப்படலாம். பிழைச் செய்தி எதுவும் வராது.

ஆண்ட்ராய்டு 12 முதல், நீங்கள் துல்லியத்தைக் கேட்டாலும் பயனர் தோராயத்தை மட்டும் தரலாம். அதனால் இரண்டையும் ஒன்றாகவே கேட்க வேண்டும். துல்லியத்தை மட்டும் தனியாகக் கேட்டால் சில பதிப்புகளில் கோரிக்கை கண்டுகொள்ளப்படாது. பயனர் தோராயத்தைத் தேர்ந்தால் செயலி நின்றுவிடக் கூடாது. மருந்துக்கடைப் பட்டியலை அப்போதும் காட்டலாம், தூரத்தை "சுமார்" என்று போட்டு.

வானிலை போன்ற செயலிக்கு ஃபைன் அனுமதியை மேனிஃபெஸ்டில், அதாவது செயலிக்கு வேண்டிய அனுமதிகளை அறிவிக்கும் கோப்பில், எழுதவே வேண்டாம். எழுதாததை யாரும் தவறுதலாகக் கேட்க முடியாது.

எப்போது கேட்பது என்பதும் முக்கியம். செயலி திறந்த உடனே, பெயர்கூடத் தெரியாத நிலையில் கேட்டால் பலரும் மறுத்துவிடுவார்கள். இரண்டு முறை மறுத்தால், ஆண்ட்ராய்டு 11 முதல், அந்தக் கேள்வி மறுபடி திரையில் வராது. "அருகில் உள்ளவை" என்ற பொத்தானை அவர் அழுத்தும்போது கேளுங்கள்; ஏன் கேட்கிறீர்கள் என்று அவருக்கே அப்போது தெரிந்திருக்கும். அனுமதி தராதவர் ஊர்ப் பெயரையோ பின்கோடையோ தட்டச்சு செய்ய ஒரு கட்டம் எப்போதும் இருக்கட்டும்.

அனுமதி கிடைத்தும் போனின் இருப்பிட அமைப்பு அணைந்திருக்கலாம். ப்ளே சர்வீசஸில் உள்ள செட்டிங்ஸ் கிளையன்ட்டிடம் முதலில் கேட்டால், தேவையானது அணைந்திருந்தால் அங்கேயே இயக்கும் சிறு பெட்டியைக் காட்டும். பயனரை அமைப்புகள் பக்கத்துக்கு அனுப்பி அலையவிட வேண்டியதில்லை.

ஆறாம் படி: எப்படிக் கேட்பது?

மூன்று முறைகள். கடைசியாகத் தெரிந்த இடம், இப்போதைய இடம் ஒருமுறை, தொடர்ச்சியான இடங்கள்.

"கெட் லாஸ்ட் லொக்கேஷன்" உடனே பதில் தரும், பேட்டரி செலவே இல்லை. ஆனால் அது வெறுமையாக, அதாவது நல் மதிப்பாகத் திரும்பலாம். இருப்பிட அமைப்பை அணைத்தால் சேமித்திருந்தது அழிந்துவிடும். புதுப் போனில் இன்னும் எதுவும் பதிவாகியிருக்காது. ப்ளே சர்வீசஸ் அப்போதுதான் மறுபடி தொடங்கியிருக்கலாம். இந்த நல்லைக் கவனிக்காமல் விட்டதால் செயலி மூடிக்கொள்வது புதியவர்களின் நிரலில் சகஜம். அதைவிட மோசம், நல் வந்தால் 0,0 என்று வைத்துவிடுவது. அந்தப் புள்ளி ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடாவில் இருக்கிறது. உங்கள் சர்வரில் வாடிக்கையாளர்கள் பலர் கடலில் மிதப்பார்கள்.

ஆகவே இந்த வரிசையைப் பின்பற்றுங்கள். முதலில் கடைசி இடத்தைக் கேளுங்கள். அது உங்கள் தாளில் எழுதிய வயதுக்குள்ளும் பிழைக்குள்ளும் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் "கெட் கரண்ட் லொக்கேஷன்" மூலம் புதிதாக ஒன்று கேளுங்கள், காலக்கெடு வைத்து. 10, 15 நொடியில் வரவில்லை என்றால் இருப்பதைக் காட்டி, பயனர் வரைபடத்தில் தானே நகர்த்திக்கொள்ள விடுங்கள். பெரும்பாலான செயலிகளுக்கு இதுவே போதும். தொடர்ச்சியாகக் கேட்க வேண்டிய தேவையே வராது.

தொடர்ச்சி வேண்டுமானால் இடைவெளியையும் குறைந்தபட்ச நகர்வையும் குறிப்பிடுங்கள். 20 மீட்டர் நகர்ந்தால் மட்டும் சொல் என்று கேட்டால், நிற்கும் பயனருக்காக உங்கள் நிரல் விழித்துக்கொள்ளாது. உடனுக்குடன் தேவைப்படாத பதிவுகளுக்கு அதிகபட்சத் தாமதத்தை இடைவெளியைவிடப் பல மடங்கு பெரிதாக வைக்கலாம். அப்போது இடங்கள் சேர்த்துவைக்கப்பட்டுக் கட்டாக வரும், போனின் செயலியகம் இடையில் தூங்கலாம். திரையை விட்டுப் போகும்போது நிறுத்துங்கள். தொடங்கும் வரியை எழுதிய கையோடு நிறுத்தும் வரியையும் எழுதிவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும்.

ஏழாம் படி: வந்த இடத்தை எப்படிப் படிப்பது?

இந்தக் கட்டுரையில் ஒரு படியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். இருப்பிடம் என்பது புள்ளி மட்டும் இல்லை. புள்ளி, அதைச் சுற்றிய வட்டம், அது எடுக்கப்பட்ட நேரம் மூன்றும் சேர்ந்ததுதான் இருப்பிடம்.

வட்டத்தின் ஆரத்தைத் தருவது "அக்யூரசி" என்ற மதிப்பு. பெயரைப் பார்த்துப் பெரிய எண் நல்லது என்று நினைத்துவிட வேண்டாம், சிறியதுதான் நல்லது. அது 12 என்றால், உண்மையான இடம் 12 மீட்டர் ஆரத்துக்குள் இருக்க 68 சதவீத வாய்ப்பு என்று பொருள். அதாவது மூன்றில் ஒரு முறை வட்டத்துக்கு வெளியேயும் இருக்கலாம்.

ஒருவர் வீட்டுக்குள்ளிருந்து தெருவுக்கு வரும்போது ஹை அக்யூரசியில் வரும் பதில்கள் இப்படி இருக்கக்கூடும்: முதலில் ஆரம் 1,400 மீட்டர், அது டவரிலிருந்து வந்தது. அடுத்த நொடி 35 மீட்டர், வைஃபை பேசுகிறது. வாசலைத் தாண்டிச் சிறிது நேரத்தில் 6 மீட்டர், செயற்கைக்கோள் பிடிபட்டுவிட்டது. முதல் பதிலிலேயே வரைபடத்தைத் தெரு அளவுக்குப் பெரிதாக்கிப் புள்ளியைக் குத்தினால் பயனர் தான் இல்லாத தெருவைப் பார்ப்பார். 1,400 மீட்டர் வட்டத்தையே வரைந்து, அது சுருங்கச் சுருங்க வரைபடத்தையும் நெருங்கவிட்டால் அவருக்கு எல்லாமே புரிந்துவிடும். "தேடுகிறது" என்ற வார்த்தைகூடத் தேவைப்படாது.

நேரத்தைப் பார்க்க, போன் இயங்கத் தொடங்கியதிலிருந்து ஓடும் கடிகாரத்தின் மதிப்பை எடுங்கள். "எலாப்ஸ்டு ரியல்டைம்" என்று அதற்குப் பெயர். சுவர்க் கடிகார நேரத்தைப் பயனர் மாற்றலாம், நெட்வொர்க்கும் மாற்றலாம். அதை வைத்து வயதைக் கழித்தால் சில போன்களில் எதிர்மறை எண் வரும்.

ஓடிய தூரத்தைக் கூட்டும் செயலி எழுதுகிறீர்களா? ஒருவர் சாலைச் சிக்னலில் அசையாமல் நிற்கும்போதும் புள்ளி நான்கு பக்கமும் சில மீட்டர் ஆடிக்கொண்டிருக்கும். ஒவ்வோர் ஆட்டத்தையும் கூட்டினால் நின்ற இடத்திலேயே அவர் பல நூறு மீட்டர் ஓடியிருப்பார். இரண்டு புள்ளிகளுக்கு இடையேயான நகர்வு அவற்றின் பிழை ஆரத்தைவிடச் சிறியது என்றால் கூட்டாதீர்கள். தூரத்துக்கு "டிஸ்டன்ஸ் டூ" என்ற தயாரான செயலே இருக்கிறது. பாகைகளைக் கழித்து வர்க்கமூலம் எடுக்க வேண்டாம்.

வருகைப் பதிவு போன்ற செயலிகளில் போலி இடம் ஒரு கவலை. ஆண்ட்ராய்டு 12 முதல் "ஈஸ் மாக்" என்ற குறி, இடம் சோதனைச் செயலியிலிருந்து வந்ததா என்று சொல்லும். ஏமாற்ற முடிவு செய்தவர் அதையும் மறைப்பார். அந்தக் குறியை ஓர் அறிகுறியாக எடுத்துக்கொண்டு சர்வரில் வேகத்தையும் வரிசையையும் சரிபாருங்கள். அதை மட்டும் வைத்து ஒருவரின் சம்பளத்தைப் பிடிக்கும் அமைப்பை எழுதாதீர்கள்.

எட்டாம் படி: திரை அணைந்த பிறகு

ஆண்ட்ராய்டு 8 முதல், பின்னணியில் இருக்கும் செயலிக்கு மணிக்குச் சில முறைதான் இடம் கிடைக்கும். ஓட்டப் பதிவு போல இடைவிடாமல் வேண்டும் என்றால் முன்னணிச் சேவை தேவை: அறிவிப்புப் பட்டையில் பயனர் கண்ணுக்குத் தெரியும்படி ஓடுவது. அதன் வகை இருப்பிடம் என்று மேனிஃபெஸ்டில் குறிக்க வேண்டும்; ஆண்ட்ராய்டு 14 முதல் அதற்கெனத் தனி அனுமதியும் எழுத வேண்டும். பயனர் செயலியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இந்தச் சேவையைத் தொடங்கினால் பின்னணி இருப்பிட அனுமதி, அதாவது செயலி திறந்திராதபோதும் இடம் பெறுவதற்கான தனி அனுமதி, தேவையில்லை. இது பெரிய வசதி, பலருக்குத் தெரிவதில்லை.

கடைக்கு அருகே வந்தால் நினைவூட்டு என்பது போன்ற தேவைக்கு இடத்தைத் தொடர்ந்து கேட்கவே வேண்டாம். ஜியோஃபென்ஸ் என்ற வசதியில் ஒரு வட்டத்தைப் பதிவுசெய்தால், உள்ளே வந்ததும் வெளியே போனதும் போனே சொல்லும். ஒரு செயலிக்கு 100 வட்டங்கள் வரை. ஆரம் குறைந்தது 100 முதல் 150 மீட்டர் இருக்கட்டும். அதைவிடச் சிறியதாக வைத்தால் வைஃபைப் பிழையிலேயே வட்டம் மூழ்கிவிடும். தகவல் வர இரண்டு மூன்று நிமிடம் தாமதமாகலாம், அதனால் வாசல் கதவைத் திறக்கும் வேலைக்கு இது ஆகாது. பின்னணி அனுமதியும் இதற்குக் கட்டாயம்.

ஐஃபோனிலும் அதே செயலியை எழுதப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கே மூலத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே கிடையாது. விரும்பும் துல்லியத்தை 10 மீட்டர், 100 மீட்டர், ஒரு கிலோமீட்டர், 3 கிலோமீட்டர் என்று சொல்ல வேண்டும். 2020ல் வந்த ஐஓஎஸ் 14 முதல் தோராய இருப்பிடத்தை மட்டும் தரும் உரிமை அங்கும் பயனருக்கு இருக்கிறது. கண்காணிக்கும் வட்டங்கள் ஒரு செயலிக்கு 20 மட்டுமே. உங்கள் தாள் அங்கேயும் அப்படியே பயன்படும்.

ஒன்பதாம் படி: சோதனையும் வெளியீடும்

எமுலேட்டரில், அதாவது கணினியில் ஓடும் போலிப் போனில், ஒரு பாதையைக் கோப்பாகக் கொடுத்து ஓட்டிப் பார்க்கலாம். தர்க்கத்தைச் சோதிக்க அது நல்லது. ஆனால் எமுலேட்டரில் சுவர் இல்லை, மாடிப்படி இல்லை, மின்தூக்கி இல்லை. போனை எடுத்துக்கொண்டு வீட்டின் உள்ளறை, பேருந்து, கடைத்தெரு என்று போய்ப் பாருங்கள். டேட்டாவை அணைத்து ஒருமுறை, வைஃபையை அணைத்து ஒருமுறை, தோராய அனுமதி மட்டும் தந்து ஒருமுறை, அனுமதியே தராமல் ஒருமுறை. விலை குறைந்த பழைய போன் ஒன்றும் கையில் இருக்கட்டும்.

அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறிவிட்டனவா என்றும் பாருங்கள். ஆண்ட்ராய்டு அட்சரேகையை முதலில் சொல்லும். ஜியோஜேசன் என்ற வரைபடத் தரவு வடிவத்தில் தீர்க்கரேகைதான் முதலில். சென்னை 13.08, 80.27. மாற்றிப் போட்டால் நார்வேயின் ஸ்வால்பார்டுத் தீவுகளுக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் இறங்குவீர்கள். வரைபடம் வெறும் நீலமாகத் தெரிந்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

சர்வருக்கு அனுப்புவதையும் தாளில் எழுதிய அளவுக்கே வெட்டுங்கள். தசமத்துக்குப் பின் ஐந்து இலக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டர். இரண்டு இலக்கம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். வானிலைக்கு இரண்டு இலக்கம் போதும். ஒருவர் இரவில் எங்கே தூங்குகிறார், எந்த மருத்துவமனைக்குப் போகிறார் என்பதெல்லாம் அந்த மற்ற இலக்கங்களில்தான் இருக்கின்றன. 2017ல் ஸ்ட்ராவா என்ற உடற்பயிற்சிச் செயலி வெளியிட்ட வெப்ப வரைபடத்தில், பெயர்கள் நீக்கப்பட்டிருந்தும், ராணுவ முகாம்களின் உள்பாதைகள் பளிச்சென்று தெரிந்தன. இந்தியாவில் 2023ல் இயற்றப்பட்ட எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொன்ன நோக்கத்துக்குத் தேவையானதை மட்டும் திரட்டும்படி கேட்கிறது. பதிவுக் கோப்புகளில் இருப்பிடத்தை அச்சிடும் வரிகளை வெளியீட்டுக்கு முன் நீக்கிவிடுங்கள்.

பின்னணி அனுமதி கேட்கும் செயலி என்றால் ப்ளே ஸ்டோரில் தனிப் படிவம் நிரப்ப வேண்டும். அந்த வசதி செயலியின் எந்தப் பகுதிக்குத் தேவை என்று விளக்கி, அது இயங்குவதைக் காட்டும் சிறு காணொளியும் தர வேண்டும். கூகுள் சரிபார்த்த பிறகுதான் வெளியாகும். இந்தப் படிவத்தை வெளியீட்டு நாளுக்கு விட்டுவைக்காமல், மூன்று கேள்விகளை எழுதிய அன்றே ஒருமுறை திறந்து படியுங்கள். அதில் கேட்கப்படுவதற்கு உங்களிடம் நேரான பதில் இல்லையென்றால், பின்னணி வசதியை முதல் பதிப்பிலிருந்து எடுத்துவிட்டு வெளியிடுங்கள்.